கொடி குடித்த தண்ணீர்

பரோசா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைப்பதற்கு முன்னால் காலணியைக் கழுவிக்கொள்ளச் சொல்கிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, குளோரின் கரைசல் ஊற்றிய தட்டில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எந்தச் சாலையில் போனாலும் வேலிகளில், கொடிவரிசைக்குள் இறங்காதீர்கள் என்று சொல்லும் பலகைகள். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்தக் கண்டிப்பு இல்லாதிருந்தால் நான் பார்க்க வந்த கொடிகளே இன்று இருந்திருக்காது.

காரணம் ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத அளவு சிறியது. திராட்சையின் வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. 1877இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் பக்கம் தென்பட்டது. பரோசா இருக்கும் அடுத்த மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியா 1899இல் தனிச் சட்டம் போட்டு, எல்லையில் காவல் இருந்தது. காலணி மண்ணிலும், வண்டிச் சக்கரத்திலும், நடவுக் குச்சியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் அந்தப் பூச்சி இன்றுவரை இந்த மாநிலத்துக்குள் நுழையவில்லை. உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களில் இன்று கீழே அமெரிக்க வேர், மேலே ஒட்டுக்கட்டிய ஐரோப்பியக் கொடி. இங்கே கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது. டனண்டா ஊரை ஒட்டிய லாங்மைல் தோட்டத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் இன்றும் காய்க்கிறது.

ஷிராஸ் என்பதும் பிரான்சில் சீரா என்பதும் ஒரே ரகம்தான். பாரசீக நகரத்திலிருந்து வந்தது என்ற கதை நெடுங்காலம் உலவியது. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு அந்தக் கதையை முடித்துவைத்தது. தூரேஸா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை இது, தென்கிழக்குப் பிரான்சுக்காரன். 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த குச்சிகளில் இதுவும் இருந்தது. கடல் கடந்துவந்த அந்த ஒரே ரகம், ஒரே பள்ளத்தாக்கின் ஒரே வெயிலில், பத்து நிமிடக் கார்ப் பயணத் தூரத்தில் வேறுவேறு ஒயினாக மாறுகிறது என்று படித்திருந்தேன். அந்த வேறுபாடு உண்மையிலேயே மண்ணிலிருந்து வருகிறதா, வந்தால் எந்த வழியாகக் கோப்பைக்குள் நுழைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அறுவடை மாதமான மார்ச்சில் அங்கே போனேன்.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே டனண்டா ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கோடையின் கடைசிச் சூட்டில் புல் முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறமாகக் கிடந்தது. அதன் நடுவே கொடிகள் மட்டும் பச்சை. பெரமாங்க், நகஜூரி, கவுர்னா மக்களின் நிலம் இது. 1840 வாக்கில் யோஹான் மெங்கே என்ற ஜெர்மானியப் புவியியலாளர் இங்கே கல்லையும் மண்ணையும் பார்த்து அலைந்துவிட்டு, இது திராட்சைக்கேற்ற பூமி என்று சொன்னார். பிரஷ்ய அரசர் தங்கள் வழிபாட்டு முறையை மாற்றச் சொன்னதை ஏற்காமல் சைலீசியாவிலிருந்து கப்பலேறிய லூத்தரன் விவசாயிகள், 1842இல் பெத்தனி என்ற முதல் குடியிருப்பை அமைத்தார்கள். இன்றும் கல்லறைகளில் ஜெர்மன் எழுத்து, ரொட்டிக் கடைகளில் ஜெர்மன் பலகாரம்.

எனக்கு நிலத்தைக் காட்டியவர் அந்தக் குடும்பங்களில் ஒன்றின் ஆறாவது தலைமுறை விவசாயி. அறுபதைத் தாண்டியவர். கையில் மண்வெட்டியோடுதான் வண்டியில் ஏறினார்.

முதலில் வைன் வேல். பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரம், குன்றுகளின் காலடியில் கிடக்கும் மணற்பாங்கு. வெளிறிய மணல், விரலிடுக்கில் நிற்காமல் ஒழுகியது. இங்குள்ள முதிய கொடிகளுக்குப் பந்தல் கிடையாது. சிலவற்றுக்குக் கம்பிகூடக் கிடையாது. இடுப்புயரத்துக்கும் குறைவான, முறுக்கேறிய, இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முடியாத பருமனுள்ள அடிமரம். அதன் உச்சியில் ஆண்டாண்டாகக் கவாத்து செய்த தழும்புகள். அங்கிருந்து குடைபோலச் சாயும் கிளைகள். குலைகள் சிறியவை, பழங்கள் கறுநீலம், தோலில் வெண்ணிறப் பொடி படர்ந்திருந்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். கடையில் வாங்கும் பழத்தோடு ஒப்பிடவே முடியாத இனிப்பு, தடித்த தோல், நிறைய விதை, கடைசியில் ஒரு துவர்ப்பு.

அவர் வெட்டத் தொடங்கினார். முழங்கை ஆழம் போனபிறகும் மணல்தான். ஈரம் இல்லை. "இந்த மணலில் தண்ணீர் தங்காது. கீழே களி இருக்கிறது, அதுவரை வேர் இறங்கியாக வேண்டும். இந்தக் கொடிகள் என் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இறங்கிவிட்டன" என்றார்.

அங்கிருந்து வடக்கே எபனேசர். கண்ணுக்கு முன்னால் நிலத்தின் நிறம் மாறியது: செங்கல் சிவப்பு. மண்வெட்டி பட்டதும் டங்கென்றது. மேலே செந்நிற வண்டல், அடியில் இறுகிய களி, அதற்கும் கீழே சுக்கான்கல் கட்டிகள் கலந்த சுண்ணாம்பு. வழியில் சில இடங்களில் உள்ளூர்க்காரர்கள் 'பிஸ்கே' என்று சொல்லும் கறுப்புக் களி குறுக்கிட்டது. கோடையில் கை நுழையும் அளவு வெடிப்பு விட்டு, மழையில் உப்பி மூடிக்கொள்ளும் மண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மண்ணியலில் இரண்டும் ஒரே வகை. இன்னும் மேற்கே, கிரீனாக், மோப்பா பக்கம் போனால் இரும்புக்கல் சரளை, குவார்ட்ஸ் துண்டுகள். அரைநாளில் இத்தனை மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட முடிகிற ஒயின் பகுதிகள் உலகில் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்த மண்ணெல்லாம் ஒயினுக்குள் எப்படிப் போகிறது?

ஒயின் குடிப்பவர்கள் 'கல்லின் சுவை', 'சுண்ணாம்பின் சுவை' என்றெல்லாம் சொல்வார்கள். வேர் பாறையிலிருந்து சுவையை உறிஞ்சிப் பழத்துக்குள் வைக்கிறது என்பது கேட்க அழகான எண்ணம். ஆனால் அப்படி நடப்பதில்லை. வேல்ஸ் நாட்டுப் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் பல ஆண்டுகளாக இதைத் தெளிவாக எழுதிவருகிறார். கொடி எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த மிகச்சில சத்துக்களைத்தான்; அவை ஒயினில் மிஞ்சும் அளவுக்கு நாக்கில் தனிச் சுவையாகத் தெரியாது; பாறைக்கு மணமோ சுவையோ பெரும்பாலும் இல்லவே இல்லை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மண்ணைப் பற்றிய பேச்செல்லாம் வெறும் விற்பனைப் பேச்சு என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. அது அவசரம். பாறையின் சுவை வருவதில்லை என்பதும், பாறையால் சுவை மாறுவதில்லை என்பதும் வேறுவேறு கூற்றுகள்.

குழிக்குள் நின்றபடி அந்த விவசாயி சொன்னது எல்லாமே தண்ணீரைப் பற்றித்தான். பரோசாவில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில், கொடி இலையுதிர்த்து உறங்கும்போது பெய்துவிடும். கொடி விழித்துத் துளிர்த்து, பூத்து, காய்த்து, பழுக்கும் மாதங்களில் வானம் பொய்க்கும். குளிர்காலத்தில் மண் சேர்த்து வைத்ததைத்தான் கோடை முழுக்கக் குடிக்க வேண்டும். ஆகவே எந்த மண் எவ்வளவு சேர்த்து வைக்கிறது, சேர்த்ததை எவ்வளவு விரைவில் விட்டுக்கொடுக்கிறது என்பதே கொடியின் வாழ்க்கை. மணல் கொஞ்சம்தான் பிடித்து வைக்கும், பிடித்ததை உடனே கொடுத்துவிடும். களி நிறையப் பிடிக்கும். ஆனால் கடைசிப் பங்கை வேருக்கு விடாமல் இறுக்கிக்கொள்ளும். சுண்ணாம்பு அடுக்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கி மெதுவாகக் கசியவிடும். சரளை மண் பகலில் சூடேறும், வேரை ஆழத்துக்குத் துரத்தும்.

காய் பச்சையாக இருக்கும் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் பழம் சிறுத்துப்போகும். சிறுத்த பழத்தில், சாற்றோடு ஒப்பிட்டால், தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பகுதி எல்லாம் தோலில் இருப்பவை. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையை வளர்க்கும், இலை குலையை நிழலில் மறைக்கும், பழம் பருத்து நீர்த்துப்போகும். மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால் பழத்திலும் மிகும். சாற்றின் புளிப்பு மழுங்கி ஒயின் தட்டையாகும். மண்ணின் கைவண்ணம் இப்படிச் சுற்றுவழியில்தான் வந்துசேர்கிறது. பாறையின் துகள் கோப்பையில் இருக்கிறது என்பதைவிட, அந்தப் பாறை கொடியை எவ்வளவு தாகத்தில் வைத்திருந்தது என்பது கோப்பையில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

மறுநாள் காலை ஒயின் தயாரிக்கும் கொட்டகைக்குப் போனேன். சிறியது; ஒரு பெண்மணி தன் இரண்டு உதவியாளர்களோடு நடத்துவது. விடியுமுன் கையால் பறித்த குலைகள் கூடைகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூடையிலும் ஒரு சீட்டு: எந்தத் தோட்டம், எந்தத் துண்டு நிலம். இந்தச் சீட்டுதான் அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. வைன் வேல் மணலின் பழம் ஒரு தொட்டியில். எபனேசர் செங்களியின் பழம் இன்னொன்றில். ஒரே தோட்டத்துக்குள்ளேயே மேட்டுப் பகுதியையும் பள்ளத்தையும் பிரித்து இரண்டு தொட்டி. அதனால்தான் அவரிடம் பெரிய தொட்டியே இல்லை. எல்லாம் ஒன்றிரண்டு டன் கொள்ளும், மேல்மூடி இல்லாத சிறு தொட்டிகள்.

நொதிக்கத் தொடங்கியதும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளி, கெட்டியான ஓர் ஆடையாக மிதக்கவிடும். அதை நாளுக்குச் சில தடவை கீழே அமுக்கிச் சாற்றில் நனைக்க வேண்டும். நனைந்தால்தான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். பரோசாவின் பழைய கொட்டகைகளில் தொட்டியின் குறுக்கே மரப்பலகைகளைப் பொருத்தி, தோல் எப்போதும் சாற்றுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும்படி செய்வார்கள். இவர் கையால் அமுக்குகிறார். களிமண் பழத்தைக் குறைவாக அமுக்குவாராம். "அதற்குத் துவர்ப்பு தானாகவே நிறைய இருக்கிறது. நான் வேறு பிழிந்து கூட்டினால் முரடாகிவிடும்" என்றார். தோட்டத்துக் காற்றிலும் பழத்தோலிலும் வந்த ஈஸ்ட்டையே நம்புகிறார்; பொட்டலத்தில் வாங்கிச் சேர்ப்பதில்லை. நொதித்து முடிந்ததும் கூடைப் பிழிபொறியில் வைத்து மெதுவாக அழுத்துகிறார். மரச்சட்டங்களை வட்டமாக நிறுத்தி, மேலிருந்து திருகித் தட்டை இறக்கும் அந்தப் பழைய பொறி பரோசாவில் இன்னும் வழக்கொழியவில்லை. ராக்ஃபோர்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற ஷிராஸுக்கே அந்தப் பொறியின் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

பிறகு பீப்பாய். புதிய அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்தால் ஒயினுக்குத் தேங்காயும் வனிலாவும் கலந்தாற்போன்ற மணம் ஏறும். பரோசா ஷிராஸ் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது பழுத்த கறுப்புப் பழச் சுவையோடு கலந்த அந்த மணம்தான். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது எல்லாத் தோட்டத்தின் மேலும் ஒரே பூச்சாகப் படிந்துவிடும். இவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் புழங்கிய, மணம் தீர்ந்துபோன பிரெஞ்சு ஓக் பீப்பாய்களையே வைத்திருக்கிறார், அவற்றிலும் 500 லிட்டர் பெரியவை. பெரிய பீப்பாயில் மரம் ஒயினைத் தொடும் பரப்பு குறைவு. அறுவடையையும் முன்பைவிடச் சில நாள் முந்திச் செய்கிறார். பழம் கொடியிலேயே அளவுமீறிப் பழுத்துச் சுருங்கினால் எந்த மண்ணில் விளைந்தாலும் கடைசியில் ஒரே ஜாம் சுவைதான் என்பது அவர் அனுபவம்.

முந்தைய ஆண்டு ஒயினை இரண்டு பீப்பாய்களிலிருந்து உறிஞ்சி எடுத்துத் தந்தார். ஒரே நாளில் பறித்தவை, அமுக்கியதைத் தவிர மற்றெல்லாம் ஒரே மாதிரி செய்தவை. மணல் நிலத்துடையதை மூக்கருகே கொண்டுபோனதுமே மணம் எழுந்து வந்தது: சிவந்த பழங்கள், பூ, ஏதோ ஒரு மூலிகை. வாயில் மெல்லியதாக ஓடியது. துவர்ப்பு பொடிமணல்போல நாக்கில் லேசாகப் படிந்து கலைந்தது. செங்களியின் ஒயின் முதலில் மணமே காட்டவில்லை. நிறம் இருண்டிருந்தது. வாயில் வைத்தபின்தான் திறந்தது; கன்னத்தின் உட்புறத்தை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் இருந்தது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். எனக்கு மணல் பிடித்தது. ஆனால் இரண்டும் வேறு என்பதில் எனக்குத் துளி ஐயமும் இல்லை.

இப்படிப் பிரித்துச் செய்வதுதான் உயர்ந்த வழி என்று சொன்னால் ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஷிராஸே மறுப்பாக நிற்கும். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் முதன்முதலாகச் செய்துபார்த்த கிரேஞ்ச், ஒரு தோட்டத்தின் ஒயின் அல்ல. ஒரு பகுதியின் ஒயின்கூட அல்ல. எங்கே அந்த ஆண்டு சிறந்த பழம் விளைந்ததோ அங்கிருந்தெல்லாம் எடுத்து, கலந்து, புதிய அமெரிக்க ஓக்கில் வைப்பது. தொடக்கத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. 1957இல் நிறுத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவிட்டது. ஷூபர்ட் மூன்று அறுவடைகளை ரகசியமாகச் செய்து ஒளித்து வைத்தார். 1960இல் தடை நீங்கியது. அந்தப் பிடிவாதத்தின் முன் தலைவணங்குகிறேன். அது தயாரிப்பாளர் ஒருவரின் கற்பனையிலிருந்து பிறந்த ஒயின். ஆனால் நாடு முழுக்க எல்லோரும் அதையே முன்மாதிரியாகக் கொண்டபோது, சின்னச்சின்ன நிலங்களின் தனித்தன்மை பொதுத் தொட்டிகளில் கரைந்துபோனது என்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய இழப்பு 1980களில் நேர்ந்தது. அப்போது திராட்சை டன் கணக்கில் விற்றது. எந்த மேட்டில் விளைந்தது என்று கேட்பாரில்லை. முதிய கொடி குறைவாகக் காய்க்கும், ஆகவே நஷ்டம். வரத்து மிகுந்து விலை வீழ்ந்ததும், கொடிகளைப் பிடுங்குபவர்களுக்கு மாநில அரசே பணம் தந்தது. நூறாண்டுக் கொடிகள் வேரோடு போயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, விவசாயிகளிடம் பழம் வாங்க வேண்டாம் என்று தான் வேலை பார்த்த நிறுவனத்தின் மேலிடம் சொன்னதை ஏற்காத பீட்டர் லீமன் என்பவர், கைகுலுக்கிச் செய்த வாக்குறுதியை மதித்துத் தனியாக நிறுவனம் தொடங்கி அவர்கள் பழத்தை வாங்கத் தொடங்கியிருந்தார். ராக்ஃபோர்டின் ராபர்ட் ஓ'கலஹன் போன்றவர்களும் பழைய கொடிகளின் பழத்துக்குக் கூடுதல் விலை தந்தார்கள். எனக்கு நிலம் காட்டிய விவசாயியின் தந்தை பாதித் தோட்டத்தைப் பிடுங்கினார். மீதியை விட்டுவைத்ததற்கு, வாங்க ஒருவர் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மண்ணைப் பற்றி யார் எவ்வளவு பேசினாலும், அந்த மண்ணில் நிற்கும் கொடிக்குத் தனி விலை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பேச்சு நிலைக்காது.

2009இல் பரோசா ஓர் ஆவணம் வகுத்தது. 35 வயதைத் தாண்டிய கொடி முதிய கொடி. 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது. 100 தாண்டினால் நூற்றாண்டு கண்டது. 125 தாண்டினால் மூதாதை. அதற்கு முந்தைய ஆண்டே, பள்ளத்தாக்கின் மண், மழை, வெப்பம் எல்லாவற்றையும் ஒயினின் சுவையோடு பொருத்திப் பார்க்கும் 'பரோசா கிரவுண்ட்ஸ்' ஆய்வு தொடங்கியது. தனியார் சிலர் அதற்கும் மேலே போகிறார்கள். கிரீனாக்கில் அல்கினா என்ற தோட்டம், சிலி நாட்டு மண் வல்லுநர் பெத்ரோ பாராவை அழைத்துவந்து, நிலத்தின் மின்கடத்துத்திறனை அளந்து, குழிகள் வெட்டிப் பாறையைப் பார்த்து, ஒரே கொடிவரிசையைக்கூட வெட்டிப் பிரித்துத் தனித்தனி ஒயின் செய்கிறது.

கிழக்கே மலையேறினால் ஈடன் பள்ளத்தாக்கு. 400 முதல் 500 மீட்டர் உயரம்; கீழே சட்டையை நனைத்த வெயில் இங்கே காற்றில் கரைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஒற்றைத் தோட்ட ஷிராஸ்களில் தலையாயதான ஹில் ஆஃப் கிரேஸ் இங்கேதான். 1860களில் நிக்கலாஸ் ஸ்டானிட்ஸ்கி நட்ட கொடிகள். எதிரே க்னாடென்பெர்க் என்ற சிறு லூத்தரன் தேவாலயம். 1958ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து சிரில் ஹென்ஷ்கி இந்தத் தோட்டத்தின் பழத்தைத் தனி ஒயினாக்கினார், மற்றவர்கள் பெரும்பாலும் கலந்து விற்ற காலத்தில். இன்று அவர் மகன் ஸ்டீஃபன் ஒயினையும், மருமகள் புரூ கொடிகளையும் கவனிக்கிறார்கள். கொடிகளின் அடியில் வைக்கோல் பரப்பி ஈரம் காப்பதும், சுற்றிலும் உள்நாட்டுச் செடிகளை வளர்ப்பதும், மிகச்சிறந்த முதிய கொடிகளிலிருந்து குச்சி எடுத்து நாற்றங்காலில் பெருக்குவதும் புரூவின் வேலை. அந்த ஒயின் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கொடிகளைப் பார்த்தேன்.

ஈடனின் வேறொரு தோட்டத்து ஷிராஸைக் குடித்தபோது மிளகு மணத்தது. உவமையாகச் சொல்லவில்லை. அடிலெய்டிலுள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்று கண்டறிந்தது. நம் குறுமிளகின் மணத்திலும் அதே சேர்மம்தான் இருக்கிறது, கோரைக்கிழங்கிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மிக அதிகமாக இருந்தாலும் தெரியாது. ஒரே கோப்பையை முகர்ந்து இருவர் சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்கக்கூடும்.

இந்த மணம் குளிர்ந்த இடங்களில், நிழலில் மெதுவாகப் பழுக்கும் பழத்தோலில்தான் கூடுதலாகச் சேர்கிறது. அப்படியானால் இது மலையின் குளிர் கொடுத்தது, மண் கொடுத்ததல்ல என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இல்லாவிட்டால். அங்கே ஒரே ஷிராஸ் தோட்டத்துக்குள் இடத்துக்கு இடம் ரோட்டண்டோன் அளவு பலமடங்கு மாறியது. அந்த மாற்றம் கீழேயிருக்கும் மண்ணின் வேறுபாட்டோடும் சரிவின் திசையோடும் பொருந்தி நின்றது. மண் கொடியின் வீச்சைத் தீர்மானிக்கிறது, வீச்சு நிழலைத் தீர்மானிக்கிறது, நிழல் மிளகைத் தீர்மானிக்கிறது. மீண்டும் சுற்றுவழி.

கடைசியாகத் தெற்கே, கடலையொட்டிய மெக்லாரன் வேல். இங்கே புவியியலாளர்கள் முழுப் பகுதியின் பாறைகளையும் வரைபடமாக்கி 2010இல் வெளியிட்டார்கள். 40க்கும் மேற்பட்ட வகைகள். இளையது 15,000 ஆண்டு, மூத்தது 55 கோடி ஆண்டைத் தாண்டியது. அந்த வரைபடத்தோடு இணைந்து, தயாரிப்பாளர்கள் 'ஸ்கேர்ஸ் எர்த்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரே துண்டு நிலத்தின் ஷிராஸாக இருக்க வேண்டும். ஓக் மணம் தூக்கி நின்றால் சுவைப்போர் குழு தள்ளிவிடும். புளூவிட் ஸ்பிரிங்ஸின் ஆழமான மணலில் விளைந்ததும் வில்லங்காவின் களியில் விளைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மணலுடையதில் மறுபடியும் அந்த எழும் மணமும் மெல்லிய துவர்ப்பும் இருந்தன. பரோசாவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, கடற்காற்றில், வேறு கையால் செய்த ஒயினில் அதே சாயலைக் கண்டதும்தான் இது என் கற்பனை இல்லை என்ற உறுதி எனக்குள் வந்தது.

அங்கே மணல் நிலத்தில் மானாவாரியாகவே கொடி வளர்க்கும் ஒருவரிடம், என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன். மண்ணின் வேறுபாடு தண்ணீர் வழியாகத்தான் வருகிறதென்றால், சொட்டுநீர்க் குழாய் போட்டதும் எல்லா மண்ணும் ஒன்றாகிவிடாதா? மெக்லாரன் வேலில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1990களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு அது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. என்னைத் தோட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு அழைத்துப் போனார். அங்கே இளங்கொடிகளின் அடியில் குழாய் கிடந்தது.

"குளிர்காலம் இப்போது முன்போல நனைப்பதில்லை. ஆகவே மழை பொய்த்த ஆண்டில், குளிர்காலத்திலேயே, கொடி தூங்கும்போது திறந்துவிடுகிறேன்" என்றார். "பெய்திருக்க வேண்டிய மழையை மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறேன். வேர் இன்னும் ஆழமாகாத இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஜனவரியில் ஒரு தடவை கொடுப்பேன். மற்றபடி, துளிர் விட்டதும் அடைத்துவிடுவேன். அதற்கப்புறம் அந்தத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பது மண்ணின் பாடு."

முதிய கொடிகள் இருந்த மேல்பகுதிக்குக் குழாய் போகவே இல்லை. அந்த வாரம் அங்கே அறுவடை. கீழ்ப்பகுதியின் பழம் வேறு தொட்டிக்குப் போகும் என்றும், அது மேல்பகுதியோடு சேரத் தகுதியாக இன்னும் பதினைந்து ஆண்டாவது ஆகும் என்றும் சொல்லிவிட்டு, கூடைகளுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.